எலுமிச்சைக் கன்றுக்கு என்ன உரம்? – கேள்வி பதில்

கே: நட்டு ஒரு வருடம் ஆன எலுமிச்சை. கன்றுக்கு எவ்வளவு உரம்?

ப: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலாண்டுக்குச் சொல்வது: தொழுவுரம் 10 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 200 கிராம், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தலா 100 கிராம். இது சத்துக் கணக்கு, மூட்டைக் கணக்கு இல்லை. யூரியாவில் 46 சதம்தான் தழைச்சத்து. ஆக யூரியா 435 கிராம். அதேபோல மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் 625, சாம்பல்சத்துக்கு பொட்டாஷ் 165 சொச்சம். யூரியாவை மார்ச், அக்டோபர் என இரண்டாகப் பிரித்து வையுங்கள், மற்றதெல்லாம் அக்டோபரில். தண்டை ஒட்டி வைக்காதீர்கள். ஓர் அடி தள்ளி வட்டமாகக் கீறிப் போட்டு, மண் மூடி, உடனே தண்ணீர் விடுங்கள்.

கே: யூரியா மண்ணைக் கெடுக்கும். தொழுவுரம் மட்டும் போதாதா?

ப: 10 கிலோ தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 50 கிராம். 200 வேண்டுமானால் 40 கிலோ வேண்டும், அதுவும் முதல் வருடமே முழுதாகக் கிடைக்காது. நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியமாக, நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் வேர் எடுக்கும். யூரியாவும் கடைசியில் அதே நைட்ரேட்டாகத்தான் போய்ச் சேருகிறது. ஆனால் மண்ணை இளக்கி ஈரம் பிடித்து வைக்க யூரியாவால் முடியாது. அதனால்தான் இரண்டும் சொல்கிறேன். வீட்டில் மாடு இருந்தால் இயற்கை வழியே போங்கள். வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

கே: (அதே நண்பர்) காட்டு மரத்துக்கு யார் யூரியா போட்டார்கள்?

ப: காட்டில் யாரும் காயைப் பறித்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு ஏற்றுவதில்லை. உதிர்ந்தது அங்கேயே மக்குகிறது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு மூட்டையோடும் மண்ணின் சத்து வெளியே போகிறது.

கே: பஞ்சகவ்யா (சாணம், கோமியம், பால், தயிர், நெய் கலந்த கரைசல்) தெளித்தால் போதும் என்கிறார்களே?

ப: லிட்டருக்கு 30 மில்லி தெளியுங்கள், நல்லதுதான். உரக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

கே: இலை மஞ்சளாகிறது. யூரியா கூட்டலாமா?

ப: எந்த இலை? கீழே உள்ள பழைய இலை முழுக்க வெளிறினால் தழைச்சத்துக் குறை. துளிர் இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறை. துளிர் விட்டதும் ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் தெளியுங்கள்.

கே: என் செடியிலும் மஞ்சள் இலை.

ப: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: மஞ்சள் இலைதான். ஆனால் அடியில் தண்ணீர் தேங்கும்.

ப: உரமே வேண்டாம். வடிகால் வெட்டுங்கள்.

கே: இலையில் வெள்ளிக் கோடு ஓடுகிறது. எந்த உரம்?

ப: அது இலைத்துளைப்பான், பூச்சி வேலை. உரக் கேள்வி கேளுங்கள் சார்.

கே: மாடித் தொட்டிக்கும் இதே அளவா?

ப: ஐயோ, வேர் கருகிவிடும்! மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

கே: டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) வைத்தபின் இலை நுனி கருகுகிறது. தண்டுக்குப் பக்கத்தில்தான் வைத்தேன்.

ப: எத்தனை தடவை சொல்வது! மிச்சத்தை வாரி எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விடுங்கள், உரத்தின் உப்பு கீழே இறங்கட்டும்.

கே: (காட்டு மர நண்பர்) சரி, வேப்பம்பிண்ணாக்கு ஒரு கிலோ வைத்தால்?

ப: தாராளமாக. அதில் தழைச்சத்து 50 கிராம் தேறும். யூரியாவில் 100 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.