அகச்சிவப்பு, ஹெச்டிஆர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, என்னிடம் இருப்பது சாதாரண டிஎஸ்எல்ஆர். அதில் அகச்சிவப்புப் படம் எடுக்க முடியுமா?

முடியும், பொறுமைதான் வேண்டும். டிஜிட்டல் சென்சாருக்கு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இயல்பாகவே தெரியும். வண்ணங்களை அது கெடுத்துவிடும் என்பதால் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்திருப்பார்கள். உங்கள் கேமராவில் அது எவ்வளவு வலுவானது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். லைவ் வியூவை (காட்சியைப் பின்திரையில் காட்டும் வசதி) போட்டு, அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். ரிமோட்டின் முனை பளிச்சென்று தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அப்புறம், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். அதை மாட்டினால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. அதனால் ட்ரைபாடில் வைத்து, காட்சியை அமைத்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிய பிறகே மாட்டுங்கள். நல்ல வெயிலில் அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200 வைத்து, ஷட்டரை 20, 30 நொடி திறந்து முயன்று பாருங்கள். கருப்பாக இருக்கிறதே என்று அந்த ஃபில்டர் வழியாகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள். கண்ணைச் சுடும் கதிர் அதில் தடையில்லாமல் வரும்.

பச்சை இலை ஏன் பனி மூடியதுபோல் வெள்ளையாகிறது? இலையின் சூடா?

சூடு இல்லை. பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கேமரா பிடிப்பது பல ஆயிரம் நானோமீட்டர் அலைநீளத்தை. நம் சென்சாரின் எல்லை ஏறக்குறைய 1000 நானோமீட்டரோடு முடிந்துவிடும். இலையில் நாம் காண்பது வெயிலின் எதிரொளிப்பு. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கும், அகச்சிவப்பை விட்டுவிடும். அந்த ஒளி இலைக்குள் செல்களுக்கும் காற்று இடைவெளிகளுக்கும் நடுவே சிதறி வெளியே திரும்பி வருகிறது. இதற்கு ‘வுட் விளைவு’ என்று பெயர். மரத்தை வைத்து வந்த பெயர் அல்ல. 1910-இல் இத்தகைய படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்டின் பெயர் அது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மற்றவர்கள் கேமராவை மூடி வைக்கும் உச்சி வெயில்தான் நமக்கு நல்ல நேரம் என்பது. வானம் கறுத்து, மேகம் பஞ்சாகத் திரண்டு நிற்கும். தேயிலைத் தோட்டத்தை ஒருமுறை அப்படி எடுத்துப் பாருங்கள், விடமாட்டீர்கள்.

படம் முழுக்கச் சிவப்பாக வருகிறது, சார்.

அப்படித்தான் வரும். வெயில் படும் புல்லை ஃபில்டரோடு எடுத்து, அதை வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) போடுங்கள். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸின் வண்ண வெப்பநிலை 2000-க்குக் கீழே இறங்காது, அதற்குத் தனி கேமரா ப்ரொஃபைல் தேவைப்படும். பிறகு போட்டோஷாப்பில் சிவப்பு, நீல சேனல்களை இடம் மாற்றினால் வானம் நீலமாகும்.

அகச்சிவப்புப் படத்தின் நடுவில் மட்டும் வெளிறிய வட்டம் வருகிறதே?

லென்ஸின் குணம் அது. அபர்ச்சரைத் திறந்தால் குறையும். இல்லையென்றால் வேறு லென்ஸ்.

ஹெச்டிஆர் என்பதே கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வித்தைதானே?

இல்லை. வெளிச்சத்தை வேறுவேறாக வைத்து எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்த்து, இருட்டும் வெளிச்சமும் ஒருசேரத் தெரியவைப்பதுதான் ஹெச்டிஆர். 1850-களில் பிரான்ஸின் குஸ்தாவ் லு கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை ஒரே பிரிண்டில் சேர்த்தார். அன்றைய ரசாயனம் நீலத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும். கடலுக்கு ஏற்ப எடுத்தால் வானம் வெளுத்துவிடும். அவர் தீர்த்த சிக்கலும், நீங்கள் இருண்ட மண்டபத்துக்குள் நின்று வெளி முற்றத்தை எடுக்கும்போது படும் சிக்கலும் ஒன்றுதான்.

எத்தனை படம் எடுக்க வேண்டும்? என்னுடையது கார்ட்டூன் மாதிரி ஆகிவிடுகிறது.

பெரும்பாலும் மூன்று போதும்: −2, 0, +2, அதாவது இருட்டாக ஒன்று, சரியாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று; இரண்டு படி ஏறினால் ஒளி நான்கு மடங்கு. அபர்ச்சரை மாற்றாதீர்கள், ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். கார்ட்டூன் ஆவது டோன் மேப்பிங்கில், அதாவது சேர்த்த படத்தின் ஒளி வேறுபாட்டைத் திரைக்கு ஏற்பச் சுருக்கும் கட்டத்தில். கூரை விளிம்பைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மண்டபத்தின் மூலை இருட்டாகவே இருக்கட்டும். அங்கே நின்றபோது உங்கள் கண்ணுக்கும் அது இருட்டாகத்தானே இருந்தது?

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி மாற்றிய கேமரா இருந்தால் மட்டும். அதில் ஷட்டர் நொடியின் சிறு பகுதியாகிவிடும், கையிலேயே பிடித்து எடுக்கலாம். ஃபில்டர் முறையில் −2, 0, +2 என்று போனால் 30 நொடிப் படத்துக்கு அடுத்தது 2 நிமிடம். அதற்குள் கிளை ஆடிவிடும், மேகம் நகர்ந்துவிடும், மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது. அந்த முறையில் இருப்பவர்கள் ரா ஃபைல் ஒன்றை மேகம் வெளுக்காமல் எடுத்து, அதன் நிழலைத் தூக்கிக்கொள்ளுங்கள்.