திருக்கோவிலூரில் என்ன பார்க்கலாம்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தென்பெண்ணைக் கரையில் இருக்கும் எங்கள் திருக்கோவிலூரைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திருவண்ணாமலை போய்விட்டுத் திரும்பும்போது இறங்கலாம் என்றிருக்கிறோம். ஒரு மணி நேரம் போதுமா?

போதாதுங்க. ஒரு மணி நேரத்தில் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு வண்டி ஏறலாம், அவ்வளவுதான். வருகிற பலரும் அப்படித்தான் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆறும் அதன் இரண்டு கரைகளும் சேர்ந்ததுதான் இந்த ஊர். காலையில் பெருமாள் கோவில், அப்புறம் கீழையூர் வீரட்டானேசுவரர் கோவில், பக்கத்திலேயே கபிலர் குன்று. மதியம் நடை சாத்திவிடுவார்கள். மாலையில் பாலத்தைத் தாண்டி அரகண்டநல்லூர் போங்கள். ஒரு முழு நாள் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

பெருமாள் கோவிலில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கைகளைப் பாருங்கள். மற்ற கோவில்களில் வலக்கையில் சக்கரமும் இடக்கையில் சங்கும் இருக்கும். இங்கே வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். ஒரு காலை விண்ணுக்குத் தூக்கி நிற்கும் அந்த நெடிய திருமேனி மரத்தால் ஆனது. பெருமாள் கோவிலுக்குள்ளேயே விஷ்ணு துர்க்கைக்குச் சன்னதி இருப்பதையும் தவறவிடாதீர்கள்.

முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த தலமும் இதுதான். மழை பெய்யும் இருட்டில் ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள், பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றார்கள். அப்போது நாலாவதாக யாரோ வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள், வந்தவர் பெருமாள்தான். அது யார் என்று பார்க்க ஏற்றிய விளக்குகள்தான் அவர்கள் பாடிய அந்தாதிகள் என்பது மரபு. சன்னதியில் நெரிசலாக இருந்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள், எரிச்சல் வராது.

கபிலர் குன்று என்பது உண்மையிலேயே கபிலர் உயிர்விட்ட இடமா, பிற்காலத்தில் கட்டிய கதையா?

என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டிருப்பதே அந்தப் பாறைதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சங்கப் புலவர் கபிலர் வள்ளல் பாரியின் நண்பர். மூவேந்தர்கள் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டு அவன் இறந்தபின், அவன் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மணம் பேச அலைந்தார் கபிலர். சிற்றரசன் விச்சிக்கோன் மறுத்தான், இன்னொரு சிற்றரசன் இருங்கோவேளும் மறுத்தான். கடைசியில் அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர்விட்டார் என்பது புறநானூறு வழியாக நமக்கு வரும் செய்தி. உன்னோடு என்னையும் வரவிடாமல் போனாயே என்று பாரியிடம் அவர் அழும் பாட்டு அதில் இருக்கிறது.

கீழையூர்க் கோவிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாரியின் பெண்ணை மலையருக்கு, அதாவது இங்கே ஆண்ட மலையமான் குலத்தாருக்கு, கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்ததாக அது சொல்கிறது. 'கபிலக்கல்' என்று இடத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வடக்கிருந்தாரா, தீப்புகுந்தாரா என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரார் ஒரு பாறையைக் காட்டிக் கபிலருடையது என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டுக்கதை என்று அதை என்னால் ஒதுக்க முடியவில்லை.

போய்ப் பார்த்தால் ஆற்றுக்குள் ஒரு பெரிய பாறை, உச்சியில் சின்னதாக ஒரு செங்கல் கோவில். கோவில் பிற்காலத்தது. பறம்பு இருப்பது எங்கே, பெண்ணையாறு எங்கே! அவ்வளவு தூரம் நண்பனின் பிள்ளைகளுக்காக நடந்த ஒரு கிழவரை நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ராஜராஜ சோழனுக்கும் ஊருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அவன் தாய் வானவன் மாதேவி இங்கே ஆண்ட மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது பால்குடி மறவாத குழந்தையை விட்டுவிட்டு அவள் தீப்புகுந்ததையும் கீழையூர்க் கல்வெட்டு சொல்கிறது.

ரமண மகரிஷி இங்கே வந்தாராமே?

வந்தார். 1896 ஆகஸ்ட் கடைசியில், பதினாறு வயதில், மதுரையை விட்டுக் கிளம்பியவர் கையில் காசு தீர்ந்துபோய் மாம்பழப்பட்டிலிருந்து நடந்தே அரகண்டநல்லூர் வந்து சேர்ந்தார். பாறைமேல் இருக்கும் அதுல்யநாதேசுவரர் கோவிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு பேரொளியைக் கண்டார். கோவிலைப் பூட்டும் நேரம் என்று எழுப்பிவிட, இரவு கீழையூர்க் கோவிலுக்கு நடந்தார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அங்கே அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார்.

ஞானசம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு பாடியதும் அந்தப் பாறையிலிருந்துதான் என்பார்கள். பாதியில் விட்ட ஒரு குடைவரையும் அங்கே இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் போங்கள்.

கல்வெட்டுகளில் ஆர்வம் உள்ளவன் நான். வேறு ஏதாவது?

ஜம்பை போய்விட்டு வாருங்கள், பக்கத்தில்தான். சங்ககால மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழியை, அதாவது துறவிகள் தங்கும் குகையைச் சொல்லும், தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டு 1981இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதில் அவன் 'ஸதியபுதோ' என்ற பட்டத்தோடு வருகிறான். அசோகர் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. மலையமான் காரியிடமிருந்து கோவலூரை, அதாவது நம் திருக்கோவிலூரை, வென்றவன் இதே அஞ்சி. சங்கப்பாட்டு சொல்வதற்குப் பக்கத்திலேயே கல்லும் பேசுகிறது பாருங்கள்.

பிள்ளைகள் ஆற்றில் குளிக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான மாதங்கள் மணலாகத்தான் கிடக்கும். ஆனால் சாத்தனூர் அணை திறந்தால் நிலைமையே வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் வந்த வெள்ளத்தை இந்தக் கரைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

ரயிலில் வரலாமா?

வரலாம். விழுப்புரம் – காட்பாடி பாதையில் திருக்கோவிலூர் நிலையம். ஆனால் நிலையம் இருப்பது ஆற்றுக்கு வடகரையில், அரகண்டநல்லூர்ப் பக்கம். இரண்டு கரையையும் சுற்ற ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு மூட்டுவலி. படி ஏற முடியாது. அவருக்கு எது தோதுப்படும்?

கீழையூர் வீரட்டானம். அந்தகாசுரனை இறைவன் வதம் செய்த தலம், சிவன் வீரச் செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களில் ஒன்று. அங்கே பெரியானைக் கணபதி சன்னதி இருக்கிறது. ஔவையார் விநாயகர் அகவல் பாடியது அங்கேதான் என்பார்கள். அம்மாவுக்கு அகவல் மனப்பாடமாகத் தெரிந்திருந்தால் அந்தச் சன்னதியில் உட்கார்ந்து முழுசாகச் சொல்லட்டும், அவசரப்படுத்தாதீர்கள். கபிலர் குன்றைக் கரையில் நின்றே அவருக்குக் காட்டிவிடலாம்.