“வலுவிழந்தது” என்ற பிறகுதான் எங்களுக்கு மழை

கேள்வி: சென்னையில் வருஷா வருஷம் புயல் பயம். ஓய்வு பெற்றதும் குடியாத்தம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்க்கிறோம். வேலூர் மாவட்டத்தில் புயலால் வீடுகளுக்குச் சேதம் வருமா? வானிலை அறிவிப்பை நம்பி இருக்கலாமா?

வேலூர் என்றால் வெயில்தான் என்ற நம்பிக்கையில் கேட்கிறீர்கள். நியாயம்தான். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரை நாங்களே கிண்டல் செய்வோம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தரை கிடக்கிறது. புயலுக்குச் சோறு போடுவது கடலின் சூடான ஈரம். தரையேறியதும் அது நின்றுவிடும், காற்று எங்களிடம் வருவதற்குள் பாதி மூச்சு போய்விடும். ஆகவே காற்றுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய ஓட்டு வீடு என்கிறீர்களே, அதனால்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என் அம்மா இருந்ததும் குடியாத்தத்தில் அப்படி ஒரு வீடுதான். முன்பக்கம் நாட்டு ஓடு, பின்கட்டு சிமெண்ட் ஷீட். 2020 நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்துகொண்டிருந்தது. அம்மாவைக் காட்பாடிக்கு என் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன். மணிக்கு 120 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுந்தால் ‘நிவர் வலுவிழந்தது’ என்று செய்தி. அப்பாடா என்று காபி போட்டோம். அந்தக் காபி ஆறுவதற்குள் எங்கள் மழை பிடித்துக்கொண்டது. பகல் முழுக்க விடவில்லை.

சுவர் அன்றைக்கு விழவில்லை. மறுநாள் வெயில் அடித்து, நான் போய்ப் பார்த்து, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று போனில் சொல்லிவிட்டுத் தெருமுனை தாண்டியிருப்பேன், பின்கட்டுச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. அம்மாவிடம் சொன்னால் அவருக்கு ஆச்சரியமே இல்லை. “மழ உட்டப்புறம்தான்டா செவுரு உழும், உனக்குத் தெரியாதா?” என்றார். எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் ஒரு கொத்தனார் விளக்கினார். பழைய சுவரில் செங்கல்லுக்கு நடுவில் இருப்பது வெறும் மண் சாந்து. வெளியே மட்டும் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். சுவரின் தலையில், ஓடு உட்காரும் இடத்தில், விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். எங்கள் வீட்டில் ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் தண்ணீர் ஓட வைத்திருந்த தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது, எல்லாம் அந்த வழியாகத்தான். உள்ளே இறங்கிய தண்ணீர் சிமெண்ட் பூச்சைத் தாண்டி வெளியே வர முடியாது. மண் சாந்து கூழாகும். மழை நின்ற பிறகும் உள்ளே ஊறிக்கொண்டேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் கூட உரிந்திருக்காது. போன மழைக்கு முன்னால்தான் பூசியது என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார், நம்பிவிடாதீர்கள். பூசாத சுவராவது ஈரத்தைக் காட்டிக் கொடுக்கும்.

சரி, வானிலை அறிவிப்புக்கு வருகிறேன். நம்பலாம், தாராளமாக நம்பலாம். ஆனால் அதில் எதைப் படிக்கிறோம் என்பதில்தான் நம்மூர்க்காரர்கள் ஏமாறுகிறோம். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதைப் புயல் என்று சொல்லும், பெயரும் அப்போதுதான். அதற்குக் கீழே வந்தால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அப்புறம் வெறும் தாழ்வு மண்டலம். இந்தப் படிநிலை முழுக்கக் காற்றுக்கானது, மழைக்கு இல்லை. காற்று அடங்கினாலும் மேகம் சுமந்து வந்த தண்ணீர் எங்கேயோ இறங்கத்தான் வேண்டும். அது பல தடவை எங்கள் தலையில்.

2021 நவம்பர் 19 விடியற்காலையில் சென்னைக்கு அருகே கரையைக் கடந்ததற்குப் பெயரே கிடையாது. வெறும் தாழ்வு மண்டலம். அன்று காலை எங்கள் மாவட்டத்துப் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். நீரில்லாத ஆறு என்று நாங்கள் சிரிக்கும் பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடியது. அடுத்து 2024, ஃபெஞ்சல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, பிறகு வலுவிழந்தது. அந்த வலுவிழந்த மிச்சம்தான் கடற்கரைக்குச் சம்பந்தமே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் போனது டிசம்பர் 1. அதுவும் எங்கள் வேலூரோடு சேர்ந்த பழைய வடாற்காடு மாவட்டம்தான்.

நமக்கு மட்டும் என்றில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் என் அக்கா மகன் 2017 ஹார்வி புயல் பற்றி இதே கதையைத்தான் சொல்வான். அங்கே இதை ஹரிக்கேன் என்பார்கள், காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட வேண்டும். ஹார்வி கரையேறியதும் காற்று இறங்கிவிட்டது, ஆனால் நகரமாட்டேன் என்று நின்று நாள்கணக்கில் மழை பெய்து ஹூஸ்டனை மூழ்கடித்தது. 2024 ஹெலீன் ஃபுளோரிடாவில் கரையேறி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி வட கரோலினா மலைப்பகுதியில் இருக்கும் ஆஷ்வில்லைப் புரட்டிப் போட்டது. கடலையே பார்க்காத ஊர் என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

ஆகவே டிவியில் ‘எங்கே கரையைக் கடக்கும்’ என்று வரைபடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் பார்ப்பது மாவட்ட வாரியான மழை எச்சரிக்கையை. கனமழை என்றால் ஒரு நாளில் சுமார் 6.5 சென்டிமீட்டருக்கு மேல், மிக கனமழை 11.5க்கு மேல், அதி கனமழை 20க்கு மேல். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 20 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 18,600 லிட்டர், 18 டன்னுக்கு மேல் எடை. வேப்பிலை அடைத்த ஒரு குழாய் வழியாக அத்தனையும் இறங்க வேண்டும். வேலூர் மட்டும் பார்த்தாலும் போதாது. சித்தூர் பக்கம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பொன்னை ஆறும் குடியாத்தம் வழியாக ஓடும் கௌண்டன்யாவும் ஆந்திராவிலிருந்துதான் வருகின்றன. இங்கே வெயில் அடிக்கும்போது அங்கே பெய்த தண்ணீர் வந்து சேரும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பின்கட்டில் ஷீட் இருந்தால் அதன் கொக்கி போல்ட்டுகளைப் பாருங்கள். காற்று ஷீட்டை அமுக்கி உடைப்பதைவிட, அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்கு. அதற்காகக் கல்லைத் தூக்கி ஷீட் மேல் வைப்பது நம்மூர் வழக்கம். தயவு செய்து வேண்டாம். ஷீட் பறக்காவிட்டாலும் கல் உருளும்.

வீடு பார்க்க அக்டோபர், நவம்பரில் வாருங்கள், கோடையில் வேண்டாம். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து வந்தால் இன்னும் நல்லது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். சில இடத்தில் பொத்தென்று சத்தம் கேட்டால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது. சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று ஓரத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், தரையிலிருந்து ஏறினால் கூடச் சமாளிக்கலாம், மேலிருந்து இறங்கினால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுச் சுவரோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்தில் மாடி வீடு இருந்தால், அவர்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் உங்கள் ஓட்டுக்கு நேர் மேலே நிற்கிறதா என்று தெருவில் இருந்தே அண்ணாந்து பாருங்கள். நின்றால், விலை பேசுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.