ஓவர்கிளாக் செய்ய இசட்690 போதாதா?

கேள்வி: ஐ5-12600கே பிராசஸரும் டிடிஆர்4 ராம் போடும் இசட்690 போர்டும் வைத்திருக்கிறேன். ஓவர்கிளாக் செய்து 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்ட ஆசை. “போர்டு பழசு, 700 வரிசைக்கு மாறுங்கள், பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம்” என்கிறார் கடைக்காரர். மாறலாமா?

பதில்: வேண்டாம்.

ஓவர்கிளாக், அதாவது பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படைத் துடிப்பான 100 மெகாஹெர்ட்ஸை 50 ஆல் பெருக்கினால் 5 கிகாஹெர்ட்ஸ். அந்த 50ஐ 51 ஆக்க உங்களை விடுவது பிராசஸர் பெயரில் உள்ள ‘கே’யும், போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லான சிப்செட்டின் பெயரில் உள்ள ‘இசட்’டும். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. 2021இல் வந்த இசட்690 கொடுத்த அதே உரிமையைத்தான் 2022இல் வந்த இசட்790யும் கொடுக்கிறது. கூடியிருப்பது சில பிசிஐஇ 4.0 தடங்களும் (கார்டு, எஸ்எஸ்டி போன்றவை இணையும் வழிகள்) ஓர் அதிவேக யுஎஸ்பியும்தான். நாலைந்து எஸ்எஸ்டி மாட்டுகிறவருக்கு அது பயன்படும்.

எனக்குப் பதறுவது வேறு இடத்தில். கடைக்காரர் ‘700 வரிசை’ என்றாரே, எழுத்தைச் சொன்னாரா? பி760யும் 700 வரிசைதான். அதில் ராமின் வேகத்தை ஏற்றலாம், பிராசஸரின் பெருக்கு எண்ணை ஏற்ற முடியாது. 690ஐ விட 760 பெரிய எண், ஆகவே மேல் என்று நம்பி, இருந்த வசதியைக் காசு கொடுத்துத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் எழுத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒளித்து வைக்கும் இந்தப் பெயரிடும் முறை மேல் எனக்குப் பல வருடக் கோபம். வாங்குகிறவர் ஏமாறத் தோதாகத்தான் அது இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சிலும் கவனம். பிராசஸர் உட்காரும் இந்த சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கும், மெல்லியவை. பிராசஸரைக் கழற்றிய பிறகு “பின் வளைந்திருக்கிறது” என்று விலையை அடிமாட்டுக்கு இறக்குவார்கள். கழற்றிய நிமிடமே உங்கள் செல்போனில் சாக்கெட்டைப் படம் எடுங்கள். எதை வாங்கினாலும் சீரியல் எண் எழுதிய பில் வேண்டும். பில் இல்லாத போர்டுக்கு வாரண்டி கேட்டு அலைவது பெரும் கொடுமை.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிடிஆர்5 ராமை 7000 எம்டி/எஸ் வேகத்துக்கு மேல் ஓட்டுவதே குறி என்றால் நல்ல இசட்790 போர்டு உதவும். ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே உள்ள தடங்களைப் பின்னால் வந்த போர்டுகளில் நன்றாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசஸருக்குள் இருக்கிறது, உங்களுடைய 12ஆம் தலைமுறை பிராசஸரில் அது அந்த வேகத்துக்குத் திணறும். உங்கள் டிடிஆர்4 குச்சிகளும் டிடிஆர்5 போர்டில் நுழையாது. ஆக போர்டு, ராம், பிராசஸர் மூன்றும் மாற்ற வேண்டும். அவ்வளவு செலவழித்தும், 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 பிராசஸர்கள் அந்த சாக்கெட்டில் உட்காரா.

சரி, இப்போது என்ன செய்யலாம்? போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யுங்கள். போர்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நல்ல கூலருக்குப் போடுங்கள், ஏனென்றால் 100 டிகிரியைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம். பகுதி மேல் ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத மலிவு போர்டு என்றால் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டாம். இருந்தால், பெருக்கு எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட விட்டு, வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.