மண்டபத்துச் சோறும் சந்தைக் காய்கறியும்

கேள்வி: கல்யாண மண்டபங்களில் மீந்துபோகும் சாப்பாட்டையும் சந்தையில் விலைபோகாத காய்கறிகளையும் வாங்கி, இல்லாதவர்களுக்குக் கொடுக்க எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர் விரும்புகிறோம். உணவு கெட்டு யாருக்காவது ஏதேனும் ஆகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அது கடைசிவரை உங்களிடம் இருக்கட்டும். முதலில் காய்கறியில் தொடங்கி, கை பழகிய பிறகு சமைத்த உணவுக்கு வாருங்கள் என்பதே என் யோசனை.

கோயம்பேட்டில் மொத்த வியாபாரம் ஓயும் முற்பகலில் சென்றால், அடிபட்ட தக்காளியும் உருச்சிறுத்த கத்தரிக்காயும் கேட்டால் கிடைக்கும். விலை சரிந்துவிட்டால் பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடும் விவசாயிகளும் உண்டு. செங்குன்றம், சோழவரம் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று நீங்களே பறித்துக்கொள்ளலாம். பறிக்கும் முன் மருந்து எப்போது அடித்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பூஞ்சை பிடித்ததையும், பச்சை ஏறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கையும் ஒதுக்கிவிடுங்கள்.

சமைத்த உணவில்தான் முழுக் கவனமும் வேண்டும். இலையிலோ பரிமாறும் வாளியிலோ மீந்ததைத் தொடாதீர்கள். சமையற்கட்டில் பரிமாறாமல் அண்டாவில் மீந்தது மட்டுமே உங்களுக்கு உரியது. சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சோறு விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது அதிகம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியலிலும் சாவதில்லை; சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. மூடிவைத்த அண்டாவின் நடுச்சோறு பல மணி நேரம் அந்த நிலையிலேயே இருக்கும். ஆகவே சூடு ஆறும் முன்பே ஹாட்பாக்ஸுக்கு மாற்றுங்கள். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், பால் பாயசம் ஆகியவற்றை, எவ்வளவு மீந்திருந்தாலும், தொடக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கொடுப்பவரைத் தேடுவதற்கு முன் வாங்குபவரை முடிவு செய்யுங்கள். முகூர்த்தப் பந்தி மதியம் முடிவதால், அன்று மதியமே சாப்பிடக்கூடிய முதியோர் இல்லத்தையோ வீடற்றோர் காப்பகத்தையோ முன்னதாகக் கேட்டு வைக்கலாம். இரவு ரிசப்ஷன் சாப்பாடு பத்தரைக்கு மேல்தான் கைக்கு வரும். அந்நேரத்தில் விழித்திருந்து உண்பவர்கள் இன்னார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதை ஏற்காதீர்கள். மறுநாள் காலைக்கு வைத்துக் கொடுப்பது ஆபத்து.

மீந்த உணவை மீட்டு வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-ல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டுள்ளது. அவற்றின்படி உங்கள் குழு பதிவு பெறுவது அவசியம். உணவின் பெயர், தந்தவர், சைவமா அசைவமா, எப்போது சமைத்தது என்பவற்றை ஒவ்வொரு பாத்திரத்திலும் எழுதி ஒட்டி, அதையே நோட்டிலும் பதியுங்கள். ஏதேனும் நேர்ந்தால் எந்தப் பாத்திரம் எங்கே போனது என்று உடனே கண்டுபிடிக்க அந்த நோட்டுதான் உதவும்.

கேள்வி: வழங்கும்போது எடுக்கும் படங்களைப் போட்டால்தான் நன்கொடை வருகிறது. சாப்பாடு வாங்குபவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: முகத்தைத் திருப்பிக்கொள்பவர் தம் மறுப்பை அப்போதே சொல்லிவிட்டார், அவரைப் படமெடுப்பது தவறு. வாங்கும் மற்றவர்களையும், குறிப்பாகக் குழந்தைகளையும், எடுக்காதீர்கள். ஒரே தெருவில் வசிப்பவர்கள் மறுநாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். நன்கொடையாளர் கேட்டால், எடைபோட்ட காய்கறிக் கூடைகளையும் பாத்திரச் சீட்டுகளையும் படமெடுத்து மாதக் கணக்குடன் அனுப்புங்கள்.