கேள்வி-பதில்: பழைய கோக் இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: ஒஹையோவில் குடியிருக்கிறோம். பக்கத்து ஊர்ப் பண்ணை வீட்டில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள். அதில் சிவப்பு நிற கோக் பாட்டில் இயந்திரம் ஒன்று இருக்கிறது. மேல்பகுதி வெள்ளை, மூலைகள் வளைவாக உள்ளன. முன்பக்கம் ஓரமாக ஒரு நீளமான குறுகிய கதவு. அதைத் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது பாட்டில்களுக்கு இடம். கம்பெனித் தகட்டைக் காணோம். விற்பவர் "1940களின் அசல்" என்கிறார். இப்போது ஓடவில்லை. வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது வெண்டோ 81 மாடலாக இருக்க வேண்டும். கான்சாஸ் சிட்டியில் இருந்த வெண்டோ கம்பெனி 1950களின் நடுவில் செய்தது. ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது பாட்டில், ஆக 81. வெண்டோவின் 39, 44 மாடல்களிலும், டென்னசியின் சட்டனூகாவில் கவாலியர் கம்பெனி செய்த சி.எஸ்.-72 மாடலிலும் இப்படித்தான், எண்ணே கொள்ளளவைச் சொல்லிவிடும். எனவே "1940கள்" என்பது தவறு. விற்பவர் வேண்டுமென்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்தாண்டுக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

81-ஐப் பலரும் தேடுவதற்குக் காரணம் உண்டு. கோக் நெடுங்காலம் ஆறரை அவுன்ஸ் பாட்டிலில் மட்டுமே வந்தது. 1955-இல்தான் பெரிய பாட்டில்கள் வந்தன. அந்த மாற்றக் காலத்து இயந்திரம் என்பதால் 81 பல அளவு பாட்டில்களை ஏற்கும். வாங்கி அலங்காரமாக நிறுத்தாமல், இன்று கடையில் கிடைக்கும் பாட்டிலைப் போட்டு எடுக்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பதினாறு அங்குல அகலமே உள்ள 44 பார்க்க அழகு, சின்ன வீட்டிலும் நிற்கும். ஆனால் பாட்டில் விஷயத்தில் அது கறார்.

தகடு இல்லாத இயந்திரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது பிறந்தபோதே கோக் இயந்திரமா? இதே கம்பெனிகள் பெப்சிக்கும் மற்றவர்களுக்கும் பெட்டி செய்து கொடுத்தன. பிற்காலத்தில் அவற்றில் சிலவற்றுக்குச் சிவப்பு அடித்து, எழுத்து ஒட்டி, கோக் என்று விற்றிருக்கிறார்கள். டார்ச் எடுத்துப் போங்கள். காசுப் பெட்டிக்குப் பின்புறம், கீல் மறைக்கும் இடம், கதவின் உள்விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். சிவப்புக்கு அடியில் நீலமோ பச்சையோ தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெயர் எழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். தகரத்திலேயே புடைத்து நின்றால் அது பட்டறையிலேயே அழுத்தியது. வழவழவென்று இருந்தால் ஒட்டியதாகவோ, பட்டி பூசி மறைத்ததாகவோ இருக்கலாம்.

விலைக்கு, இணையத்தில் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றைத் தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது. அங்கே "ஓடாதது, தகடு இல்லாதது" என்ற நிலையில் போனதோடு ஒப்பிடுங்கள். முழுமையாகப் புதுப்பித்த இயந்திரத்தின் விலையை வைத்து ஏலத்தில் கை தூக்கினால் நஷ்டம்தான். பெயின்ட், ரப்பர், கம்ப்ரசர், காசுப் பகுதி எல்லாம் சேர்ந்தால் வாங்கிய தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். உள்ளே என்னென்ன குறைகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். துருப்பிடித்த தகரத்தைச் சரிசெய்யலாம். காணாமல் போன காசுப் பகுதியைத் தேடி அலைவதுதான் பெரும்பாடு. ரசீது வாங்க மறக்காதீர்கள்.

கேள்வி: டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். 1950களின் இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதலில் பெயின்ட் அடிக்கவா, ஓடுகிறதா என்று பிளக்கில் சொருகிப் பார்க்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் வயரைப் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பர் உறை காய்ந்து விரலில் பொடியும். பிளக்கில் இரண்டு கால்தான், எர்த் கிடையாது. உடம்பு முழுக்கத் தகரமாக இருக்கும் பெட்டியில் உள்ளே ஒரு வயர் உரசினால், கதவைத் தொடும் குழந்தைக்கு ஷாக். மூன்று கால் பிளக்கோடு முழு வயரையும் மாற்றி, எர்த்தைப் பெட்டியின் உடம்போடு இணைத்த பிறகுதான் மின்சாரம். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் அப்புறமும் ஒருநாள் நேராக நிற்கட்டும். கம்ப்ரசர் எண்ணெய் இறங்க வேண்டும்.

ஐம்பதுகளின் இயந்திரங்களில் குளிரூட்டுவது பெரும்பாலும் ஆர்-12 என்ற கேஸ். ஓசோனைக் கெடுப்பதால் அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நிறுத்தப்பட்டது. அதைத் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். சான்றிதழ் உள்ள மெக்கானிக்தான் குழாயில் கை வைக்க வேண்டும். குளிர்கிறதென்றால் அந்தப் பழைய யூனிட்டை அப்படியே விட்டுவிடுங்கள். குளிரவில்லை என்றால் புது கம்ப்ரசர் யூனிட் போடுவது, பழையதை ஒட்டுப் போடுவதைவிட நல்லது.

அடுத்து காசுப் பகுதி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோக் ஐந்து சென்டுக்கு எழுபது ஆண்டுக்கும் மேலாக விற்றது. இயந்திரங்கள் அந்த ஒரு நிக்கல் காசையே நம்பியிருந்தன. விலையை ஏற்ற வழியில்லாமல் 1953-இல் கோக் தலைவர் உட்ரஃப், ஜனாதிபதி ஐசன்ஹோவரிடம் ஏழரை சென்ட் காசு அச்சிடச் சொல்லிக் கேட்டார். காசு வரவில்லை. காசுப் பகுதியின் உள்ளே காந்தம் ஒன்று இருக்கும். இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மற்ற உலோகங்களை அவற்றின் மின்கடத்தும் தன்மைக்கேற்ப வேகம் குறைக்கும். தப்பான காசு தப்பான இடத்தில் விழும். 1965-இல் டைம் (பத்து சென்ட்), குவார்ட்டர் (இருபத்தைந்து சென்ட்) காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கியபோது, இந்த இயந்திரங்கள் ஏமாறாதபடி உலோகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அந்தக் காலத்து டைம் பகுதி இன்றைய டைமையும் ஏற்கும். ஆனால் காசு ஓடும் பாதையில் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிச் சிக்கும். உறைந்த சர்க்கரைப் பாகை வெந்நீரிலும் ஆல்கஹாலிலும் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெயின்ட் கடைசி. அசல் பெயின்ட் மங்கி, நாலு கீறலோடு இருந்தாலும் அதைச் சுரண்டாதீர்கள் என்றே சொல்வேன். சோப்பு நீரில் கழுவி, கார் பாலிஷ் போட்டுப் பாருங்கள். ஒருமுறை உரித்துவிட்டால் அசல் திரும்ப வராது. துரு ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் தவிர்க்க முடியாது. அப்போது மணல் பீய்ச்ச விடாதீர்கள், மெல்லிய கதவுத் தகரம் நெளிந்துவிடும். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கும், காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை.

கேள்வி: நாங்கள் கோயம்புத்தூருக்கே திரும்புகிறோம். இயந்திரத்தைக் கொண்டுபோனால் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

பதில்: போதாது. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 115 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. கம்ப்ரசர் மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடாகும். அங்கே போய் 230 வோல்ட் கம்ப்ரசர் யூனிட் போடுங்கள், டியூப் லைட் இருந்தால் அதையும் மாற்றுங்கள். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டீல். உள்ளே போனால் சிக்கிக்கொள்ளும். ஒரு டப்பா டைம் காசுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.