இரும்புக்கு முன்னால் சுங்கச்சாவடி

அன்புள்ள ஐயா,

1871இல் ஒன்றான ஜெர்மனி நாற்பதே ஆண்டுகளில் தொழிலில் பிரிட்டனுக்கு ஈடாக நின்றது எப்படி என்று எங்கள் படிப்பு வட்டத்தில் பேச்சு வந்தது. ஜெர்மனியை ஒன்றாக்கிய தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் ‘இரும்பும் இரத்தமும்’ என்ற போர்வழிதான் காரணம், அப்படி ஓர் உறுதியான தலைவர் கிடைத்தால் எந்த நாடும் எழுந்துவிடும் என்றார் ஒரு நண்பர். 1871இல் போரில் தோற்ற பிரான்ஸிடம் வாங்கிய இழப்பீட்டில் கட்டிய தொழிற்சாலைகள்தானே என்றார் இன்னொருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இரண்டாமவரின் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். பிரான்ஸ் 500 கோடி ஃபிராங்கை 1873 செப்டம்பருக்குள் கொடுத்து முடித்தது. அந்தப் பணம் கடன் அடைக்கவும், கோட்டை கட்டவும், பங்குச் சந்தைச் சூதாட்டத்துக்குமாகப் பெருமளவு போனது. அதே ஆண்டு அக்டோபரில் பெர்லினில் வங்கிகள் சரிந்தன. பல ஆண்டு மந்தம் தொடர்ந்தது. திடீர்ப் பணம் அங்கே தொழிலை வளர்த்ததைவிடக் குலைத்தது அதிகம் என்பது என் எண்ணம்.

முதல் நண்பர் சொன்னதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1819இல் ஃபிரீட்ரிக் லிஸ்ட் என்ற பொருளியலாளர் வணிகர்களுக்காக ஒரு மனு எழுதினார். ஜெர்மன் நிலத்துக்குள் 38 சுங்க எல்லைகள். பெர்லினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் சரக்கு போக வேண்டுமானால் பத்து நாடுகளைத் தாண்டி, பத்து முறை சுங்கம் கட்ட வேண்டும் என்று புலம்பியிருந்தார். 1834 ஜனவரி 1 அன்று வலிமை மிக்க ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் தலைமையில் சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்து, இந்தச் சாவடிகளில் பெரும்பாலானவை மறைந்தன. அப்போது பிஸ்மார்க் 18 வயதுக் கல்லூரி மாணவர். மறு ஆண்டே நியூரம்பெர்க்குக்கும் ஃபூர்த்துக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. சந்தையும் தண்டவாளமும் ஒன்றாகி ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் கொடி ஒன்றானது.

சரி, 1871க்குப் பிறகு அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. போர்க்களத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகள் அவை. 1872 முதல் நாடு முழுக்க ஒரே எடை, ஒரே அளவு. வடக்கே தாலர், தெற்கே கில்டர் என்று கிடந்த நாணயங்களுக்குப் பதில் மார்க். 1876இல் மைய வங்கி. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 1877இன் காப்புரிமைச் சட்டம். வேதியியலில் அது பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. அதே பொருளுக்கு இன்னொரு முறை கண்டுபிடிப்பவரும் உரிமை பெறலாம். எனவே ஒவ்வொரு சாயக் கம்பெனியும் பல்கலைக்கழகத்தில் படித்த வேதியியலாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டது.

நம் அவுரியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நீலச் சாயத்தைச் செடியில்லாமல் தயாரிக்கும் வழியை 1880இல் அடால்ஃப் ஃபான் பாயர் கண்டார். ஆனால் அந்த வழியில் செய்தால் விலை கட்டாது. லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி விடவில்லை. 17 ஆண்டுகள், சுமார் 1.8 கோடி மார்க் செலவு. ஒரு சோதனையில் தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் கொட்ட, மெதுவாக நடந்துகொண்டிருந்த வினை விரைவு பெற்றதாம். உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளிவிட்டுப் போகாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று நின்று பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே இருந்தார். அந்த ஆளை உருவாக்கியவை ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. பீகாரிலும் சென்னை மாகாணத்திலும் அவுரி பயிரிட்ட நிலங்கள் சில ஆண்டுகளிலேயே வேறு பயிருக்கு மாறின. 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதன் பின்னணியில் இந்த வீழ்ச்சியும் உண்டு: நட்டத்தைத் தோட்ட முதலாளிகள் குடியானவர்கள் தலையில் கட்டியிருந்தார்கள்.

இரும்பு விஷயத்திலும் இப்படித்தான். 1871இல் பிரான்ஸிடமிருந்து பிடித்த லொரைன் பகுதியின் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம், நல்ல எஃகு வராது. அதைச் சரிசெய்யும் முறையை 1870களின் இறுதியில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். அதைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் ஜெர்மானியர்கள். 1893இல் எஃகு உற்பத்தியில் பிரிட்டனைத் தாண்டினார்கள்.

அப்படியென்றால் பிஸ்மார்க் விட்டுப்போனது என்ன? 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதியோர் ஓய்வூதியம். இவற்றை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் 1878இல் சோஷலிஸ்டுகளின் சங்கங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்ததும் அதே கைதான். 25 வயதான ஆண்கள் அனைவருக்கும் வாக்கு கொடுத்த அரசியல் சாசனம், அந்த வாக்கில் அமைந்த நாடாளுமன்றத்துக்குத் தலைமை அமைச்சரை நீக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அவர் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். உங்கள் நண்பர் பாராட்டும் ‘உறுதி’யின் விலை இதுதான் என்று நினைக்கிறேன்.

அது எப்படி வேலை செய்தது என்பதை 1913இன் இறுதியில் பார்க்கலாம். பிரான்ஸிடமிருந்து பிடித்த அல்சாஸில், ஸாபர்ன் என்ற சிற்றூரில் ஓர் இளம் ராணுவ அதிகாரி உள்ளூர் மக்களை இழிவாகப் பேசினார். மக்கள் கொதித்தார்கள், ராணுவம் வீதியில் போனவர்களைப் பிடித்து அடைத்தது. டிசம்பர் 4 அன்று நாடாளுமன்றம் தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக்கின் மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. 293க்கு 54. அவர் பதவி விலகவில்லை. எட்டு மாதம் கழித்து ஜெர்மனி முதல் உலகப் போருக்குள் நுழைந்தபோதும் அவர்தான் அந்த நாற்காலியில் இருந்தார்.

அன்புடன்.